தளர்ந்த பெற்றோரை நம் அருகில் குடியமர்த்தப் பணம் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், காரைக்குடி, தென்காசி போன்ற ஊர்களில் சொந்த வீட்டில் வசிக்கும் எழுபத்தைந்து வயது கடந்த பெற்றோரை, சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தம் அருகில் அழைத்து வர நினைக்கும்போது எழும் பணம் சார்ந்த கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன. வாடகை, சம்பளம், மருந்துச் செலவு ஆகியவற்றுக்குக் காட்டியுள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகள். அவற்றின் இடத்தில் உங்கள் குடும்பத்தின் தொகைகளை இட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பெரும்பாலான குடும்பங்கள் வாடகையிலிருந்து தொடங்குகின்றன. "அப்பாவுக்கு ஓய்வூதியம் இவ்வளவு வருகிறது, பக்கத்துத் தெருவில் வாடகை இவ்வளவு, ஆகவே சமாளித்துவிடலாம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் பிழை இல்லை என்றாலும், இருவரும் உயிரோடு, ஓரளவு நடமாட்டத்தோடு இருக்கும் காலத்துக்கு மட்டுமே அது பொருந்தும். இருவரில் ஒருவர் மறைந்து, மற்றவர் தனித்து, எழுந்து கழிப்பறைக்குப் போகவே ஒரு கை தேவைப்படும் நிலையில் மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். அந்தக் காலத்துக்குப் பணம் போதும் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் பெரும்பாலும் போதும். இன்றைய கணக்கு மட்டும் சரியாக வந்தால் அந்த உறுதி கிடைக்காது.

இதைப் பெற்றோர் முன்னிலையில் பேசுவது நமக்கு இயல்பாக வருவதில்லை. அபசகுனம் என்று வாயை அடைப்பார்கள். பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து எழுதிவிட்டு, பெற்றோரிடம் "தனியாக இருக்க வேண்டி வந்தால்" என்ற அளவில் பேசினாலும் போதும்.

ஒரு எடுத்துக்காட்டோடு விளக்க முடியுமா?

ஓய்வு பெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருக்கு 81 வயது, அவர் மனைவிக்கு 76 வயது, கும்பகோணத்தில் சொந்த வீடு என்று வைத்துக்கொள்வோம். அகவிலைப்படி உட்பட மாதம் 40,000 ரூபாய் ஓய்வூதியமும், 80 வயது நிறைந்ததால் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியம் 8,000 ரூபாயும் சேர்ந்து 48,000 ரூபாய் வருகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம் இருக்கிறது, 8.2 சதவீத வட்டியில் அது மாதக் கணக்குக்கு 10,250 ரூபாய். ஆக, வரவு 58,250 ரூபாய்.

சென்னையில் மகன் வீட்டருகே இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்கு வாடகை 20,000, பராமரிப்புக் கட்டணம் 3,000, மின்சாரமும் தண்ணீரும் 2,500, மளிகை முதலிய வீட்டுச் செலவு 16,000, வீட்டு வேலைக்கு வருபவருக்கு 6,000, மருந்து 7,000, ஆட்டோ 1,500 என்று மொத்தம் 56,000 ரூபாய் ஆகிறது. கும்பகோணம் வீட்டை 8,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால், மாதம் 10,250 ரூபாய் மிச்சமாகிறது. இதைப் பார்த்துத்தான் பலர் லாரிக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது தந்தை இல்லாத காலத்தை எழுதுவோம். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். எனவே 40,000 என்பது 24,000 ஆகக் குறையும். வயதுக்காகக் கிடைத்த 8,000 ரூபாயும் நின்றுவிடும். தாய்க்கு 80 நிறையும் வரை அது மீண்டும் வராது. 48,000 ரூபாய் வந்த இடத்தில் சரிபாதிதான் வருகிறது. வட்டியும் வீட்டு வாடகையும் சேர்த்து வரவு 42,250 ரூபாய். செலவோ பாதியாகக் குறைவதில்லை: வாடகை, பராமரிப்பு, மின்சாரம், தண்ணீருக்கு அதே 25,500, வீட்டுச் செலவு 10,000, வேலையாள் 6,000, மருந்து 4,000, போக்குவரத்து 1,000 என 46,500 ரூபாய். உடனிருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தால் மேலும் 25,000. ஆக 71,500 ரூபாய். மாதம் 29,250 ரூபாய், ஆண்டுக்கு 3,51,000 ரூபாய் துண்டு விழுகிறது. மிச்சம் காட்டிய அதே குடும்பத்தின் கணக்குதான் இது.

அதே தாய் அப்போது மகன் வீட்டுக்கே வந்துவிட்டால் 25,500 ரூபாய் கழிந்து, பற்றாக்குறை மாதம் 3,750 ரூபாயாகச் சுருங்குகிறது. ஆகவே இந்தக் குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி "சென்னையில் வாடகை கொடுக்க முடியுமா" என்பதன்று. "ஒருவர் தனித்துப் போனால் நம் வீட்டில் ஓர் அறை இருக்குமா, அவரோடு வரும் பணிப்பெண்ணுக்கும் படுக்க இடம் இருக்குமா" என்பதுதான்.

ஊரிலேயே இருந்தால் செலவே இல்லை அல்லவா?

சொந்த வீட்டில் வாடகை இல்லை என்பதால் அப்படித் தோன்றுகிறது. மாதம் ஒரு முறையோ இரு முறையோ பிள்ளைகள் ஓடி வரும் பயணச் செலவு, அவசரத்துக்கு எடுத்த வாடகைக் கார், இழந்த விடுப்பு, மழைக்கு ஒழுகும் ஓட்டைச் செப்பனிடும் கூலி ஆகியவை பெற்றோரின் செலவாக எங்கும் எழுதப்படுவதில்லை. பிள்ளைகளின் பணப்பையிலிருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையும் 2020 மார்ச் மாதத்தோடு நின்றுவிட்டதால், பெற்றோர் வந்து போவதும் முன்போல் மலிவாக இல்லை.

மேற்சொன்ன தாய் கும்பகோணத்திலேயே தனித்திருந்தால் வீட்டுச் செலவு 9,000, வேலையாள் 6,000, மருந்து 4,000, மகனின் பயணங்கள் 6,000, வீட்டுப் பராமரிப்பு 2,000, இரவும் பகலும் துணைக்கு ஆள் 20,000 என 47,000 ரூபாய் ஆகிறது. வாடகை வராததால் வரவு 34,250 ரூபாய் மட்டுமே. மாதம் 12,750 ரூபாய் பற்றாக்குறை. மகன் வீட்டில் இருப்பதைவிட இது அதிகம், தனி வாடகை வீட்டைவிடக் குறைவு. இந்த மூன்று தொகைகளையும் ஒரே தாளில் அருகருகே எழுதாமல் எடுக்கும் முடிவு உணர்ச்சியின் முடிவாகவே இருக்கும்.

"அருகில்" என்றால் எவ்வளவு அருகில்? எந்த மாதிரி வீடு?

தாம்பரத்தில் பெற்றோர், அம்பத்தூரில் மகள் என்றால், இருவரும் சென்னையில் இருக்கிறார்கள் என்பதைத் தவிர அதில் நெருக்கம் ஏதும் இல்லை. இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தால் பத்து நிமிடத்தில் போய்க் கதவைத் தட்ட முடிகிற தூரமே அருகு. அதற்குமேல் போனால் வாடகையில் மிச்சப்படுத்தும் பணம் ஆட்டோவிலும் அலைச்சலிலும் கரைந்துவிடும்.

லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல்மாடி வாடகை குறைவு என்று எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு மருத்துவமனைப் பயணத்துக்கும் நாற்காலியோடு தூக்கி இறக்க இருவரைத் தேட வேண்டிவரும். அப்படியானால் தரைத்தளம் என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். படுத்த படுக்கையாக உள்ளவரை இடுப்பளவுத் தண்ணீரில் வெளியே கொண்டுவருவது எளிதல்ல. தரைத்தளம் பார்க்கும்போது அந்த இரண்டு ஆண்டுகளிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்பதைவிட எதிரிலிருக்கும் பெட்டிக்கடையில் கேட்பது நல்லது.

முன்பணத்தைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகையே பொது விதி. இரு தரப்பும் வேறாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதுவே செல்லும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பேசிப் பார்க்க இந்த விதி கைகொடுக்கும். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பதிக்கவும், வழுக்கும் தரைக்கு மாற்று ஏற்பாடு செய்யவும் உரிமையாளரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சாரத்துக்கு மின்வாரிய அட்டைப்படிதான் கட்டணமா, உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பாரா என்பதையும் கேட்டுவிட வேண்டும். மருத்துவப் படுக்கையும் ஏசியும் ஓடும் வீட்டில் இந்த வேறுபாடு சிறிதன்று.

உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

சம்பளத்தை மட்டும் எழுதுவதே வழக்கமான தவறு. ஏஜென்சி மூலம் வருபவர் என்றால் பதிவுக் கட்டணம் தனி. மூன்று வேளை உணவு, சோப்பு, எண்ணெய் நம் பொறுப்பு. பொங்கல், தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போகும்போது மாற்று ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி கூடுதல். பன்னிரண்டு மணி நேரப் பணி என்றால் இரவில் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். நாள் முழுதும் தங்குபவர் என்றால் அவருக்குப் படுக்க இடம் வேண்டும். ஒரு படுக்கையறை வீடு இரண்டு படுக்கையறை வீடாக மாறி வாடகையும் ஏறிவிடும்.

உடலைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைப்பவரும், குழாய் வழியே உணவு செலுத்தவும் புண்ணுக்கு மருந்து கட்டவும் பயிற்சி பெற்ற செவிலியரும் ஒரே சம்பளத்துக்கு வருவதில்லை. இன்றைய தேவைக்கு முதல் வகை போதும் என்றாலும், பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்த மறுமாதம் இரண்டாம் வகை தேவைப்படலாம். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 35 ரூபாய், நாளுக்கு மூன்று என்றால் மாதம் 3,150 ரூபாய். இதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் குடும்பத்தைக் காண்பது கடினம்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே, அது போதாதா?

காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தால் வரும் செலவுக்கானது. மேலே சொன்ன பணிப்பெண், டயப்பர், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், மாத மருந்து ஆகியவற்றுக்குப் பொதுவாக அதிலிருந்து பணம் வராது. முதுமையின் பெருஞ்செலவு அறுவைச் சிகிச்சையில் இல்லை, அதற்குப் பிந்தைய நீண்ட மாதங்களில்தான் இருக்கிறது.

இடம் மாறுவதால் காப்பீட்டில் விளையும் ஒரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, சிறு நகரங்களில் இருப்பவர்களுக்குக் குறைந்த பிரீமியத்தில் பாலிசி தருகின்றன. அந்தப் பாலிசியை வைத்துக்கொண்டு பெருநகர மருத்துவமனையில் சேர்ந்தால் செலவில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். இடம் மாறுவதற்கு முன்பே முகவரி மாற்றம் தெரிவித்து, பிரீமியம் எவ்வளவு கூடும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாகப் பாலிசி எடுக்க 65 வயது என்ற தடை 2024 ஏப்ரல் முதல் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று குறைக்கப்பட்டது. ஆனால் 80 வயதில் பிரீமியமும் மூன்றாண்டுக் காத்திருப்பும் சேர்ந்தால் பல குடும்பங்களுக்கு அந்தப் பணத்தைத் தனியே வங்கியில் வைப்பதே மேல் என்பது என் எண்ணம். மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபர் இறுதியில் 70 வயது கடந்த அனைவருக்கும், வருமான வரம்பு பாராமல், ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை விரிவாக்கப்பட்டது. அரசு ஓய்வூதியர்களுக்கெனத் தமிழக அரசின் தனிக் காப்பீடும் உள்ளது. எந்தத் திட்டமானாலும், நீங்கள் குடியேறும் பகுதியில் அதை ஏற்கும் மருத்துவமனை எது என்று அறிந்துகொண்ட பிறகே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அரசு வசதிகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகள் கொண்டது. பல உபாதைகளுக்குப் பல மருத்துவர்களிடம் தனித்தனியே அலையும் முதியவருக்கு ஒரே கூரையின்கீழ் பார்க்கும் இடம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

ஊர் வீட்டை விற்றுவிடலாமா?

பணத்தை மட்டும் பார்த்தால் விற்பதே சரி என்று தோன்றும். 60 லட்சம் பெறும் வீடு மாதம் 8,000 ரூபாய் வாடகை தருகிறது என்றால், ஆண்டு வருவாய் 1.6 சதவீதம்தான். விற்ற பணத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் பெயரில் போட்டாலே மாதக் கணக்குக்கு 20,500 ரூபாய் வரும். ஒருவருக்கான உச்சவரம்பு அதுதான். கணவன் மனைவி இருவரும் தனித்தனியே போடலாம். கணக்குத் தொடங்கும் நாளின் வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாமல் இருப்பது நிம்மதிதான், ஆனால் வாடகையும் சம்பளமும் ஆண்டுதோறும் ஏறும்போது வட்டி அப்படியே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரியும் உண்டு. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடானால், 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். அது 8 லட்சம் என்றால், 60 லட்சத்துக்கு விற்கும்போது ஆதாயம் 52 லட்சம், 12.5 சதவீத வரி 6.5 லட்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடுகளுக்குப் பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய முறைப்படியும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2025-26 நிதியாண்டுக்கான குறியீடு 376 என்பதால் அடக்க விலை 3.76 மடங்காகி, 30.08 லட்சமாக உயர்ந்து, வரி ஏறத்தாழ 5.98 லட்சம் ஆகிறது. வரியின்மேல் விதிக்கும் செஸ் இரண்டிலும் தனி. ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரியில்லை என்ற சலுகை இந்த ஆதாயத்துக்குப் பொருந்தாது. விற்ற ஆறு மாதத்துக்குள் இதற்கென அரசு குறிப்பிட்டுள்ள கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டால் அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு, ஆனால் பணம் ஐந்தாண்டுக்கு முடங்கும். 81 வயதில் ஐந்தாண்டு என்பது சிறு காலமன்று. சென்னையில் வேறு வீடு வாங்கி வரியைத் தவிர்க்கலாம் என்பவர்கள், பத்திரப் பதிவுக்கு மட்டும் 9 சதவீதம் போகிறது, அதாவது 60 லட்சத்துக்கு 5.4 லட்சம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் ஆண்டில் விற்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. புது இடத்தில் மனம் ஒட்டாமல் நான்காம் மாதம் திரும்பிப் போகும் பெற்றோர் உண்டு. திரும்பிப் போக வீடு இருக்கிறது என்ற எண்ணமே பலரை இங்கே இருக்க வைக்கிறது. மேலும், பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்து, சித்தப்பா, அத்தை வாரிசுகளின் கையெழுத்தும் தேவைப்படும் வீடு என்றால், பாகப்பிரிவினை முடியும் வரை அதன் மதிப்பைக் கணக்கில் ஒரு ரூபாயாகக்கூடச் சேர்க்கக் கூடாது.

வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லலாமா?

குடும்பத்தினருக்குள் எழுதும் தான செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். மலிவு என்பதாலேயே அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள். எழுதிய மறுநாள் முதல் பெற்றோர் தம் ஒரே பெரிய சொத்தை இழந்து, பிள்ளையின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நிற்கிறார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு பெற்ற சொத்தை, பராமரிக்காதபோது ரத்து செய்ய வழிவகுக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் காரணமாக எழுதிய பத்திரத்தில் அந்த நிபந்தனை உள்ளடங்கியதே என்றது. ஆயினும் வழக்குக்குப் போய் நிறுவுவதைவிட, எழுதியே ஆக வேண்டும் என்ற நிலையில் "ஆயுள் வரை பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து" என்று பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவது நல்லது. அதைவிட நல்லது, இப்போது எழுதாமல் உயில் எழுதி வைப்பது.

இதே சட்டத்தில் தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய பராமரிப்புத் தொகை மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்பதை, "சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

உடன்பிறந்தவர்கள் செலவை எப்படிப் பகிர்வது?

பெற்றோரை அருகில் வைத்துக்கொள்பவர் நேரத்தையும் தூக்கத்தையும் தருகிறார். தொலைவில் இருப்பவர் பணத்தைத் தரலாம். சமபங்கு என்று பிடிவாதமாகப் பிரித்தால் முதலாமவருக்கு அநீதி. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் விழும் பற்றாக்குறையை வெளியூர் மகனும் மகளும் ஏற்று, சென்னை மகன் இடத்தையும் உழைப்பையும் தருவது பொருத்தமாக இருக்கும். பெற்றோர் பெயரில் தனி வங்கிக் கணக்கு ஒன்றில் அனைவரும் மாதத் தொகையைப் போட்டு, மருந்து முதல் மளிகை வரை அதிலிருந்தே எடுத்தால், பின்னாளில் சொத்துப் பங்கு பேசும்போது எழும் பல மனக்கசப்புகள் தவிர்க்கப்படும்.

மகள் வீட்டில் போய் இருப்பது கௌரவக் குறைவு என்று எண்ணும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மகள் வீட்டில் காசில்லாமல் கிடைக்கும் அறையைத் தவிர்த்து மகன் இருக்கும் நகரத்தில் 20,000 ரூபாய் வாடகை கொடுப்பது அந்தக் கௌரவத்துக்கான விலை. கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம். முடியாதபோது, மாதம் ஒரு தொகையை மகளிடம் கொடுத்துத் தங்குவது பலருடைய தயக்கத்தைக் குறைத்திருக்கிறது.

அவர்களின் உடல் இந்த இடமாற்றத்தைத் தாங்குமா என்பதை எப்படி அறிவது?

மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடி அல்லது அதற்குமேல் ஆனால், விழும் ஆபத்து உள்ளவர் என்று முதியோர் மருத்துவத்தில் கொள்கிறார்கள். வீட்டிலேயே ஒருவர் அருகில் நின்றுகொண்டு செய்து பார்க்கலாம். மறதி நோய் உள்ளவருக்குப் புது வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதே பெரும் குழப்பமாகிவிடும். முதல் சில வாரங்கள் இரவில் துணைக்கு ஆள் இல்லாமல் விடக் கூடாது. அந்தச் செலவையும் இடமாற்றச் செலவில் சேர்க்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஓரிரு மாதங்கள் பிள்ளையின் வீட்டில் தங்க வைத்துப் பார்ப்பது நல்லது. சித்திரை வெயிலில் சென்னைக்கு அழைத்து வந்து சோதிக்க வேண்டாம்.

வர மாட்டோம் என்கிறார்களே?

தெளிவான மனத்தோடு இருக்கும் பெற்றோரின் வீடும் பணமும் அவர்களுடையவை; முடிவும் அவர்களுடையது. ஊரிலேயே இருப்பதற்கான செலவுக் கணக்கை அவர்களிடமே காட்டி, அதை யார் தருவது, இரவுத் துணைக்கு யார் என்ற இரண்டுக்கும் பதில் பெற்றுக்கொண்டு, கைப்பிடி பதிப்பது போன்ற சில ஆயிரம் ரூபாய் வேலைகளை உடனே முடித்துவிடலாம்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருந்தால்?

உடன்பிறந்த தங்கையோ, அக்கா மகனோ இருக்கும் ஊருக்கு அருகில் செல்வதும் குடும்பத்துக்கு அருகில் செல்வதே. கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் நிறைய உள்ளன; அங்கே திருப்பித் தரும் வைப்புத்தொகை எவ்வளவு, எத்தனை மாதத்தில் தருவார்கள், படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்திருப்பார்களா, அழைத்துப் போகச் சொல்வார்களா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

எந்த நிலையில் "இப்போது வேண்டாம்" என்று சொல்லலாம்?

தனித்து மிஞ்சுபவரின் பற்றாக்குறையை ஏற்க உடன்பிறந்தவர்களில் எவரும் எழுத்தில் சம்மதிக்கவில்லை, ஊர் வீட்டை விற்காமல் நகர வாடகையைக் கட்ட முடியாது, பிள்ளையின் வேலையே நிலையில்லாமல் அடுத்த ஆண்டு வேறு ஊருக்கு மாறக்கூடும் என்ற நிலைகளில் பொறுத்திருப்பதே அறிவு. மூன்றாவது காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மகனை நம்பிச் சென்னைக்கு வந்த பெற்றோர், மகன் ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போனதும் தெரிந்த முகம் ஒன்றுமில்லாத தெருவில் வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஓய்வூதியம், வங்கி, ஆவணங்கள் தொடர்பாக என்ன செய்ய வேண்டும்?

ஓய்வூதியத்தை வேறு கருவூலத்துக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆண்டு நேர்காணலுக்கு நேரில் போக இயலாதவர்கள் தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தே மின்னணு உயிர்வாழ்வுச் சான்று தரலாம். கட்டணம் 70 ரூபாய். அஞ்சலகக் கணக்குகளைப் புது ஊரின் அஞ்சலகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வட்டிக்கு வரி பிடிக்காமலிருக்க, வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வோர் ஏப்ரலிலும் அதற்கான சுய உறுதிமொழிப் படிவம் தர வேண்டும்.

இவற்றைவிட அவசரமானது கையெழுத்து. தந்தையின் பெயரில் மட்டும் உள்ள கணக்குகளில் தாயைச் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கலாம் என்று மாற்ற வேண்டும். வாரிசு நியமனத்தைச் சரிபார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பொது அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. எழுதிக் கொடுத்தவர் நினைவிழந்து மனநிலை தவறிவிட்டால் சட்டப்படி அந்த ஆவணம் செல்லாமல் போகும், பிறகு பணம் எடுக்க நீதிமன்றம் வழியாகக் காப்பாளராக நியமனம் பெற வேண்டிவரும். ஆகவே கூட்டுக் கணக்கு வேலையை லாரிக்குச் சொல்வதற்கு முன்பே, பெற்றோருக்குப் பழக்கமான உள்ளூர் வங்கிக் கிளையில், அவர்களை அடையாளம் தெரிந்த ஊழியர்கள் இருக்கும்போதே முடித்துவிடுவது எளிது.